ஒலீட்டா அண்ணியின் மயில் வெளியே போகாது

என் அண்ணன் டெல்பர்ட் கல்யாணம் செய்துகொண்டபோது வீட்டுக்கு ஓர் அண்ணி வருகிறாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கூடவே மயில்களும் வரும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால், இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பாதிரியார் கேட்டபோது நான் எழுந்து நின்றிருப்பேன்.

மிசூரி மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், அர்கன்சாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேட்டு நிலம் எங்களுடையது. அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு முள்கம்பி வேலி மட்டும்தான். அண்ணனும் அண்ணியும் ஊர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவள் மெஷினில் தோல் தைப்பாள், அவன் பெட்டிகளை லாரியில் ஏற்றுவான். அந்த வேலை அண்ணிக்குச் சோறு போட்டது, அவ்வளவுதான். சங்கு ஊதியதும் வீட்டுக்கு ஓடிவந்து, முகம்கூடக் கழுவாமல் கூண்டுக்குள் போய் நிற்பாள். வசந்தகாலத்தில் அந்த ஆண் மயில்கள் விடிவதற்கு முன்பே கத்த ஆரம்பிக்கும். புதிதாக வந்த பாதிரியார் ஒருவர் யாரோ பெண்ணைக் கொல்கிறார்கள் என்று நினைத்து, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சாக்ஸுமாக ஓடிவந்தார். நான் ஜன்னலைத் திறந்து, "உள்ள போங்க ஐயா, அது எங்க அண்ணியோட சொந்தக்காரங்க" என்றேன்.

மயில் வளர்க்கிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. மயிலின் கண்ணுக்குக் கீழே, மூக்கை ஒட்டி, தோலுக்கடியில் ஒரு பை இருக்கிறது. நமக்குச் சைனஸ் என்கிறோமே, அதுதான். அதில் சளி கட்டிவிட்டால் முதலில் கண்ணோரம் நுரை வரும். பிறகு தும்மல். பிறகு கன்னத்தில் பாக்கை அடக்கிக்கொண்டதுபோல் ஒரு பக்கம் உப்பிவிடும். வீக்கம் ஏற ஏறக் கண் மூடிக்கொள்ளும். கண் மூடினால் தீவனம் தெரியாது, தீவனம் தெரியாவிட்டால் தின்னாது. எங்கள் பக்கத்து மாட்டு டாக்டர்கள் மயிலைக் கண்டால் கையை விரித்துவிடுவார்கள். வீட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணி பார்த்துக்கொண்டாள். சமையலறை மேஜையில்.

டெல்பர்ட்டின் பழைய டெனிம் ஓவராலில் ஒரு காலை வெட்டி எடுத்து, அந்தக் குழலுக்குள் மயிலைத் தலை முன்னால் வருமாறு நுழைத்துவிடுவாள். சிறகடிக்க முடியாது, நகமும் படாது. தலைமேல் ஒரு சாக்ஸைப் போட்டால் இருட்டு என்று நினைத்து அது அடங்கிவிடும். வெந்நீரில் துணியை நனைத்து வீக்கத்தின்மேல் வைத்து வைத்து எடுப்பாள். சளி இளகியிருந்தால் மூக்கு வழியே தானாக வந்துவிடும். இறுகிப் பாலாடைக்கட்டி ஆகிவிட்டால் வேறு வழி கிடையாது, சின்னதாக ஒரு கீறல் போட்டு, கட்டை விரலால் பிதுக்கி எடுத்து, உப்புத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் பீய்ச்சிக் கழுவுவாள். கடைசியில் நெஞ்சுச் சதையில் டைலோசின் ஊசி, ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம். பன்றிக்கும் மாட்டுக்கும் போடுகிற மருந்துதான். அந்தக் காலத்தில் தீவனக் கடையில் உப்புக்கட்டிக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும், எடுத்துக்கொண்டு வரலாம். இப்போது டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவிட மாட்டார்கள்.

காலைப் பிடித்துக்கொள்வது என் வேலை. யார் என்னைக் கேட்டார்கள்? வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "வெல்டா!" என்று ஒரு குரல் வரும். நானும் அடுப்பில் அவரைக்கொட்டை வேகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

"நெஞ்ச அமுக்காதடி, அது மூச்சு விடறதே அங்கதான். நீ என்ன துணியா பிழியற?"

"அண்ணி, இது என் கைய கொத்துச்சுன்னா நாளைக்கு உங்க வீட்ல மயில் வறுவல்தான், சொல்லிட்டேன்."

"கொத்தட்டும். உன்னோட ரத்தத்துல விஷம் ஜாஸ்தி, அதுக்குத்தான் ஏதாவது ஆகும்."

டெல்பர்ட் வாசலில் நின்று மேஜையைப் பார்ப்பான். "ஒலீட்டா, அது என்னோட நீல ஓவரால்தானே? நேத்து வரைக்கும் அதுக்கு ரெண்டு கால் இருந்துச்சே."

"இன்னொரு கால் அப்படியே இருக்குல்ல? அத நீ போட்டுக்க."

எத்தனையோ சாயங்காலங்கள் இப்படிப் போயின. ஜன்னல் கண்ணாடியில் வெந்நீர் ஆவி, அடுப்பில் சோள ரொட்டி, பஞ்சு மாதிரி பறந்து அவரைச் சட்டியில் விழும் சிறகு. அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இன்றைக்கு அதில் ஒரு சாயங்காலத்தை யாராவது திருப்பிக் கொடுத்தால் நான் அந்தச் சட்டியைச் சிறகோடு சாப்பிட்டுவிடுவேன்.

வசந்தம் வந்தால் சனிக்கிழமைதோறும் மாட்டுச் சந்தைத் திடலில் பறவை மாற்றுச் சந்தை கூடும். பிக்அப் வண்டிகளின் பின்கதவை இறக்கிவிட்டு, கூண்டுகளை அடுக்கி, வாத்துக்குக் கோழி, கோழிக்கு முயல் என்று பேரம் நடக்கும். அண்ணிக்கு அதுதான் திருவிழா. அவளுடைய மயில் என்றால் அர்கன்சாவிலிருந்தும் ஓக்லஹோமாவிலிருந்தும் ஆள் வரும். சந்தையில் வாங்கிய பறவையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் நேரே பெரிய கூண்டில் விட மாட்டாள். மேய்ச்சல் நிலத்தின் கடைசியில் தனிக் கூண்டு ஒன்று இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் அங்கே இருந்து, ஒரு தும்மல்கூட இல்லை என்றால்தான் மற்றதோடு சேரலாம்.

என் அண்ணன் நல்லவன். அவனைப்பற்றி யாராவது குறை சொன்னால் இன்றும் எனக்குப் பொறுக்காது. ஆனால் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். கல்யாண நாளுக்கு அண்ணியை ஆச்சரியப்படுத்த நினைத்து, அவளுக்குத் தெரியாமல் சந்தையில் ஒரு வெள்ளைப் பெண் மயிலை வாங்கிவந்தான். நல்ல மழை. அந்தத் தனிக் கூண்டுவரை சேற்றில் போக வேண்டும், போனாலும் அதன் கூரை ஒழுகும். வெள்ளை இறகு நனைந்து போனால் காலையில் அண்ணி பார்க்கும்போது எடுப்பாக இருக்காதே! ஒரே ஒரு ராத்திரிதானே என்று பெரிய கூண்டில் விட்டுவிட்டான்.

காலையில் அண்ணி தீவனம் போடப் போனாள். மற்ற மயில்களோடு ஒரே தண்ணீர்த் தொட்டியில் அந்த வெள்ளை மயில் குடித்துக்கொண்டிருந்தது. குடித்துவிட்டுத் தலையை உதறித் தும்மியது.

அண்ணி கத்தவில்லை. தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டு டெல்பர்ட்டைப் பார்த்தாள். "அழகா இருக்கு டெல்பர்ட்" என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாக முகம் வீங்கியது. அந்தக் கோடை முழுக்கச் சமையலறை மேஜையில் நாங்கள் சாப்பிடவே இல்லை. டெல்பர்ட்டின் ஓவரால் எல்லாம் தீர்ந்து, என் புருஷனுடையதற்கும் கத்தரி வந்தது. இரண்டைத் தவிர எல்லாவற்றையும் அண்ணி பிழைக்க வைத்தாள். வீக்கம் வற்றியது, கண் திறந்தது, தோகை மினுங்கியது. முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அண்ணி மயில்களின் ரத்தம் எடுத்து அரசாங்கச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள். அங்கிருந்து ஒரு மனிதர் தொலைபேசியில் பேசினார். இந்தக் கிருமி உள்ளே போனால் வெளியே வராது. முகம் வற்றும், கிருமி இருக்கும். குளிர் மாறினாலோ இடம் மாறினாலோ மறுபடி வீங்கும். பக்கத்துப் பறவைக்கும் ஒட்டும், முட்டைக்குள்ளும் போகும். ஒன்று, எல்லாவற்றையும் கொன்றுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பறவையும், ஒரு முட்டையும் வாசலைத் தாண்டக் கூடாது.

"எல்லாரும் என்ன செய்றாங்க?" என்றான் டெல்பர்ட். குற்ற உணர்ச்சியில் அவன் குரல் உயர்ந்திருந்தது. "வீக்கம் வத்துனதும் வித்துடறாங்க. சந்தையில பாதி அப்படித்தான். உன் தலையில நீயே ஏன் மண்ண போட்டுக்கற?"

"அப்படி வித்த ஒண்ணுதான் நம்ம கூண்டுக்குள்ள வந்துச்சு."

"நான்தான் கொண்டு வந்தேன். என்னைத் திட்டு. திட்டித் தொலையேன்!"

"உன்னத் திட்டுனா கிருமி போகுமா? கொல்லவும் எனக்குக் கையில்ல. விக்கவும் மாட்டேன். இதுங்க இங்கயே இருக்கட்டும், இங்கயே சாகட்டும். என் மயிலு போயி இன்னொருத்தி கூண்டுல இப்படி ஒரு கோடைய உண்டாக்கக் கூடாது."

அன்று சொன்னதை அவள் கடைசிவரை மாற்றவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் மயில்கள் இடும் முட்டைகளை அன்றன்றே எடுத்து வேகவைத்துவிடுவாள். குஞ்சு பொரித்தால் அழகாக இருக்குமே என்று சர்ச்சில் கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னாள். பாதிப் பேர் நம்பவில்லை. கஞ்சத்தனத்துக்குச் சாக்கு என்றார்கள். அர்கன்சாவிலிருந்து காலிக் கூண்டோடு வந்த ஜெனீவா ப்ரூவிட் என்பவள், "உன் மயில நீயே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லி, கூண்டை வண்டியில் எறிந்துவிட்டுப் போனாள்.

சந்தைக்குப் போவதை மட்டும் அண்ணியால் விட முடியவில்லை. ஆனால் அவள் துணியிலும் செருப்பிலும் கிருமி ஒட்டியிருக்குமே! குளித்து, வேறு உடை போட்டு, வேறு செருப்பு மாட்டிக்கொண்டு போவாள். அப்படியும் வண்டியை விட்டு இறங்க மாட்டாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து, முன்கண்ணாடி வழியே கூண்டுகளைப் பார்ப்பாள். முகம் வீங்கிய பறவை வைத்திருப்பவர்கள் அங்கேயே தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"கிட்ட வராத! அங்கயே நில்லு! இடது பக்கம் திருப்பு! அமுக்கிப் பாரு, கல்லாட்டம் இருக்கா, கொழகொழன்னு இருக்கா?" என்று உள்ளேயிருந்து கத்துவாள். வெளியே பாதிதான் கேட்கும். அந்த வாரம் மயிலைத் தொடாத நான் நடுவில் நின்று மொழிபெயர்ப்பேன். எனக்கு மானம் போகும். வண்டிக்குள் ஒரு பைத்தியத்தை வைத்துக்கொண்டு காட்சி நடத்துகிறேன் என்று ஒருவன் கேலிகூடச் செய்தான். அவன் பிறகு ஜென்மத்துக்கும் என்னிடம் பேசவில்லை, அப்படிக் கொடுத்தேன் அவனுக்கு.

வருஷங்கள் போயின. ஷூ கம்பெனியை மூடினார்கள். டெல்பர்ட் போனான். என் புருஷன் போனார். மயில்களும் வயதாகி ஒவ்வொன்றாகப் போயின. அண்ணி ஒவ்வொன்றையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள். கடைசியில் மிஞ்சியது டீக்கன் மட்டும். அந்தக் கெட்ட கோடையில் கைக்குஞ்சாக இருந்தவன். சர்ச்சில் காணிக்கைத் தட்டு தூக்குகிறவரைப்போல் நெஞ்சை நிமிர்த்தி நடப்பான், அதனால் அந்தப் பெயர்.

அண்ணியின் இதயம் அதற்குள் களைத்துவிட்டிருந்தது. மகள் ரொவீனா கான்சஸ் சிட்டியில் இருந்தாள். அங்கே வந்து அறுவை சிகிச்சை செய்துகொள், கூடவே இருந்துவிடு என்று கெஞ்சினாள். அண்ணி, "டீக்கன் போகட்டும், அப்புறம் வர்றேன்" என்றாள். ரொவீனா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். நானும் அண்ணியிடம் சண்டை போட்டேன்.

"ஒரு பறவைக்காகச் சாகப் போறீங்களா?"

"பறவைக்காக யாருடி சாகறா? நான் போய்ட்டா என்ன நடக்கும் சொல்லு."

எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் வீட்டு முற்றத்தில் ஏலம் போடுவார்கள். படுக்கை, பாத்திரம், டிராக்டர், கோழி, எல்லாமே போகும். வருகிற கூட்டம் எதையாவது கையில் எடுத்துக்கொண்டு போகாமல் விடாது.

"டீக்கன அழகுக்காகவே எவளாவது வாங்கிட்டுப் போவா" என்றாள் அண்ணி. "அவ வீட்ல இன்னும் நாலு மயிலு இருக்கும். இத்தன வருஷம் நான் வாசலப் பூட்டினதெல்லாம் ஒரே நாள்ல போச்சு."

அன்று டீக்கனுக்கு முகம் வீங்கியிருந்தது. இலையுதிர்காலக் குளிர் வந்தால் அவனுக்கு வீங்கும். அண்ணிக்கு அவனைப் பிடிக்கத் தெம்பில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவள் வெந்நீர்த் துணியை வைத்தாள்.

"நான் இவனுக்கு முன்னால போகக் கூடாது, வெல்டா. அப்படி நான் முந்திட்டேன்னா, டெல்பர்ட் துப்பாக்கி உன்கிட்டதான இருக்கு? ஏலத்துக்கு முன்னாடி நீ இவனச் சுட்டுடணும்."

"இவன் கத்தறதக் கேட்டுக் கேட்டு, எப்படா சுடுவோம்னுதான் நான் காத்துட்டிருக்கேன்."

"விளையாடாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவள் சிரித்தாள். என் கன்னத்தைத் தொட வந்து, கையில் மருந்து இருக்கிறது என்று நிறுத்திக்கொண்டாள்.

பனி விலகுகிற சமயத்தில் அண்ணி தூக்கத்திலேயே போய்விட்டாள். சிகிச்சைக்குப் போயிருந்தால் இன்னும் சில வருஷம் இருந்திருப்பாள் என்று ரொவீனா சொல்கிறாள். இருந்திருக்கலாம். எனக்கு அதில் இன்றும் கோபம். யாரிடம் கோபித்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

அடக்கமும் சர்ச்சில் சாப்பாடும் முடிந்த மறுநாள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனேன். டீக்கன் என்னைப் பார்த்ததும் கம்பிக்குப் பக்கத்தில் வந்து கன்னத்தைக் காட்டி நின்றான். துணி வைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ! நாளைக்குச் சுடலாம் என்று திரும்பிவிட்டேன். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டேன். அப்படியே ஏல நாள் வந்துவிட்டது.

நான் போவதற்குள் ஏலக்காரன் ஹார்லனின் ஆட்கள் டீக்கனைப் பிடித்து ஒரு மரக்கூண்டில் அடைத்து, தையல் மெஷினுக்கும் உழவுக் கலப்பைக்கும் நடுவே வைத்திருந்தார்கள். ஏலம் ஆரம்பித்துவிட்டது. கூட்டத்தில் கை தூக்கிக்கொண்டே இருந்தவள் யாரென்று பார்த்தால், ஜெனீவா ப்ரூவிட். தலை நரைத்திருந்தது, ஆனால் அன்று காலிக் கூண்டை எறிந்தபோது இருந்த அதே விறைத்த தாடை.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்க் கூண்டின்மேல் கையை வைத்தேன். "இது விக்கறதுக்கு இல்ல. இதுக்கு நோய் இருக்கு."

"வெல்டாக்கா, பறவை ஜம்முனு நிக்குதே" என்றான் ஹார்லன். எல்லோரும் சிரித்தார்கள். ரொவீனா என் முழங்கையைப் பிடித்து, "அத்தை, ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

"பாக்கட்டும். உங்கம்மா இவனுக்காகத்தான் உன்கூட வரல. இவன் இந்த வாசலத் தாண்டக் கூடாதுன்னு உயிரக் கொடுத்திருக்கா. நீ இவன ஏலம் போடறியா?"

ரொவீனாவின் முகம் மாறிவிட்டது. டீக்கனை வாசல் தாண்டவிடக் கூடாது என்றுதான் அம்மா வரவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அம்மா பிடிவாதக்காரி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

கூட்டமும் சத்தமும் ஆகி, டீக்கன் மிரண்டு போயிருந்தான். தலையை உதறினான், தும்மினான். கண்ணோரத்தில் நுரை வந்தது. ஜெனீவா குனிந்து பார்த்தாள். அவளும் மயில் வளர்ப்பவள், அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அவ சொன்னது நிஜந்தானா?" என்றாள். "அன்னிக்கு எனக்குக் குடுக்க மனசில்லாம கதை விடறான்னு நெனச்சேன். ஊரெல்லாம் சொன்னேன்." கையை இறக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் வண்டிக்குப் போய்விட்டாள்.

கூண்டை வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். என் வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது, அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. சாயங்காலத்துக்குள் அவன் கன்னம் உப்பிக் கண் மூடிவிட்டது. முதல் தடவையாக நான் தனியாகச் செய்தேன். காலைப் பிடிக்க ஆளில்லை. மடியில் இடுக்கிக்கொண்டு, நெஞ்சை அமுக்காமல், துணியை வைத்து வைத்து எடுத்தேன். ஊசி போடும்போது அவனைவிட நான்தான் அதிகம் கத்தினேன்.

துப்பாக்கியை ரொவீனாவிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். அது வீட்டில் இருந்தால் சத்தியம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது, டீக்கனுக்கும்தான். ஆனால் அவன் நன்றாகத் தின்கிறான். டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையை இத்தனை காலம் நாய் பிஸ்கட்டைப்போல் அலட்சியமாகப் போட்டுவைத்திருந்தவள் நான். இப்போது விடாமல் விழுங்குகிறேன். பன்றிக்கொழுப்பை விட்டுவிட்டேன். தினமும் வேலியோரம் நடக்கிறேன். ஏனென்றால் நானும் அவனுக்கு முன்னால் போகக் கூடாது. எனக்கு அடுத்து அவன் கண்ணைத் துடைக்க ஆளில்லை. சுடவும் ஆளில்லை.

துணியை வைக்கும்போது அவன் காதருகே சொல்வேன், "சீக்கிரம் போய்ச் சேருடா கிழவா, அண்ணி காத்துட்டிருப்பாங்க." அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். வெந்நீர் ஆறிவிடும். நான் எழுந்து போய் இன்னும் கொஞ்சம் காய்ச்சி எடுத்து வருவேன், அவன் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று.